எகிப்து அரசின் கடனும் மக்கள் கிளர்ச்சியும் (1862 – 1882)

அரசியலுக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதலோடு நின்றுவிடாது, வந்த பொருளைக் காத்தலையும் முறையறிந்து செலவிடுதலையும் அரசனுடைய திறமைகளாகவே எண்ணினார். ஆயின், பிறநாட்டு மக்களின் சேமிப்பைக் கடனாகப் பெற்று அதனைக் கொண்டு ஆட்சி நடத்தும் முறை உலகெங்கும் பெருவழக்காயது 19ஆம் நூற்றாண்டிலேயே ஆகும். இலண்டன், பாரிசு ஆகிய நகரங்களிலே பெருகிக் கிடந்த முதல், வட்டியை நாடிக் கடல் கடந்து சென்ற காலம் அது. துருக்கியும் தூனிசும் எகிப்தும் அக்காலத்தில் அம்முதலின் சுவையை அறிந்தன; பின்னர் அதன் சுமையையும் அறிந்தன.

இந்நாடுகளுள் எகிப்தின் வரலாறு சிறப்பாக ஆராயத்தக்கது. அந்நாடு தன் முதற் பிறநாட்டுக் கடனைப் பெற்றது 1862ஆம் ஆண்டில். அந்நாட்டிற் பிரித்தானியப் படை இறங்கியது 1882ஆம் ஆண்டில். இருபது ஆண்டுகளில் ஒரு நாடு கடன்பட்டு, வட்டி கொடுக்க இயலாது தளர்ந்து, தன் வரவு செலவை அந்நியர் கையில் ஒப்புவித்து, அதனை எதிர்த்துக் கிளர்ந்து, இறுதியில் தன் சுதந்திரத்தையும் இழந்தது. அக்கிளர்ச்சியின் தலைவர் நாடு கடத்தப்பட்டு வந்து சேர்ந்த இடம் இலங்கைத் தீவேயாகும். ஆதலின் இவ்வரலாறு நமக்கு முற்றிலும் புறம்பானதன்று.

இப்பெருங்கேட்டிற்கு யார் காரணர் என்பதே வரலாற்றாசிரியர் முன் உள்ள வினா. பின்னாளில் எகிப்தைத் தம் கைக்குள் வைத்து ஆண்ட குரோமர் பிரபு, இசுமாயில் என்னும் ஓர் அரசனின் ஊதாரித்தனமே யாவற்றிற்கும் காரணம் என எழுதினார். அக்கூற்று நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

கடனில்லாத காலமும் முதற் கடனும்

1805ஆம் ஆண்டு முதல் 1848ஆம் ஆண்டு வரை எகிப்தை ஆண்ட முகம்மது அலி, பெரும்படை திரட்டினார்; ஆலைகள் நிறுவினார்; நீண்ட இழைப் பருத்தியைப் பரப்பினார். குடிகளை வருத்தியே அவர் இவற்றையெல்லாம் செய்தார் எனினும் பிறநாட்டாரிடம் கடன்பட்டாரல்லர். கடனாளியின் நாட்டிற்குக் கடன் கொடுத்தவன் ஒரு நாள் வந்து சேர்வான் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அவர் மகன் சயீது 1854ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே, தம் இளமைக்கால நண்பரான பிரான்சியர் பேர்டினாந்து தெ லெசெப்சு என்பவருக்குச் சூயசுக் கால்வாய் வெட்டும் உரிமையை அவர் வழங்கினார். 1858இல் அமைக்கப்பட்ட கால்வாய்க் கம்பனியின் பங்குகள் 4,00,000. ஒவ்வொன்றின் விலை 500 பிராங்கு. பிரான்சுக்கு வெளியே பங்குகள் எதிர்பார்த்தவாறு விலைபோகவில்லை. எஞ்சியவற்றைச் சயீதின் தலையிலே லெசெப்சு சுமத்தினார். இங்ஙனம் ஏறக்குறைய 1,77,000 பங்குகள் எகிப்து அரசின் உடைமையாயின. பங்குப் பணம் மட்டுமன்றிக் கூலியாட்களையும் எகிப்தே கொடுத்தது. ஒரே காலத்தில் இருபதினாயிரம் உழவர் வரை கட்டாய வேலைக்காகப் பாலைநிலத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டனர். இத்தகைய செலவுகளைத் தாங்கமாட்டாது 1862இல் சயீது முதற் பிறநாட்டுக் கடனைப் பெற்றார். அதன் பெயரளவுத் தொகை ஏறக்குறைய 33 இலட்சம் பவுண்.

பருத்தியால் வந்த வாழ்வு

1863ஆம் ஆண்டு தொடக்கத்தில் இசுமாயில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது நாட்டின் நிலை நம்பிக்கை தருவதாகவே இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் தென்மாகாணங்களின் துறைமுகங்கள் அடைபட்டிருந்தன. இலங்காசயர் ஆலைகள் பருத்தியின்றி வாடின. எகிப்தியப் பருத்தியின் விலை நான்கு மடங்கு வரை ஏறிற்று. உழவர் தானியம் விளைத்த வயலிலும் பருத்தி நட்டனர்.

பாரிசிற் கல்வி பயின்ற இசுமாயில், எகிப்தை ஐரோப்பிய நாடுகளுள் ஒன்றாக்கிக் காட்ட விழைந்தார். அவர் ஆட்சியில் ஏறக்குறைய 900 மைல் நீளமான புகையிரதப் பாதை புதிதாக இடப்பட்டது. தந்திக் கம்பிகள் நீண்டன. நீர்ப்பாசனக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அலெக்சாந்திரியாத் துறைமுகம் திருத்தப்பட்டது. 1870இல் தேசிய நூல் நிலையமும், 1873இல் பெண்களுக்கான அரசினர் பாடசாலையும் தோன்றின. இவை வீண் செலவுகள் எனக் கூறுதல் நேர்மையாகாது.

ஆயின் வீண் செலவுகளும் உடனிருந்தன. 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் நடைபெற்ற கால்வாய்த் திறப்பு விழாவிற்குப் பிரான்சியப் பேரரசியும் ஆசுத்திரியப் பேரரசரும் வந்தனர். அவர்களும் ஏனைய விருந்தினரும் அரசின் செலவிலேயே உபசரிக்கப்பட்டனர். அவ்விழாவை ஒட்டிக் கெய்ரோவில் இசைநாடக அரங்கொன்று எழுந்தது. ஆட்சியுரிமை தம் மகனுக்கே சேரவேண்டும் என்பதற்காகத் துருக்கிச் சுல்தானுக்குச் செலுத்தும் திறையை இசுமாயில் ஏறக்குறைய இருமடங்காக்கினார். 1867இல் ‘கதீவ்’ என்னும் பட்டத்தையும் பெற்றார். அபிசீனியாவின்மேற் படையெடுத்துப் பொருளையும் ஆட்களையும் இழந்தார்.

இவற்றினிடையே கால்வாய்க் கம்பனியாரின் வழக்கும் வந்தது. கட்டாய வேலையை நிறுத்தவும், கம்பனிக்கு அளித்த நிலங்களை மீட்கவும் எகிப்து அரசு முயன்றபோது, பிணக்கைத் தீர்க்கும் நடுவராகப் பிரான்சியப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அமர்ந்தார். 1864இல் அவர் அளித்த தீர்ப்பின்படி எகிப்து, கம்பனிக்கு 840 இலட்சம் பிராங்கு நட்ட ஈடு கொடுத்தல் வேண்டும். அஃதாவது, தன் சொந்தக் குடிகளைக் கட்டாய வேலையினின்று விடுவித்தமைக்கும் தன் சொந்த நிலத்தை மீட்டமைக்கும் அந்நாடு கொடுத்த விலை, அது பட்ட முதற் கடனின் முழுத் தொகைக்கும் ஒப்பானதாயிற்று.

1865இல் அமெரிக்கப் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. வருவாய் குறைந்தபோதும் தொடங்கிய வேலைகள் நிற்கவில்லை. விலையேற்றம் நிலைக்கும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்ட திட்டங்கள் கடனாலேயே தொடர்ந்தன.

கடன் கொடுக்கப்பட்ட விதம்

1864, 1866, 1868, 1873 ஆகிய ஆண்டுகளில் அரசு பெருங்கடன்களைப் பெற்றது. இவை யாவற்றினும் பெரியது 1873ஆம் ஆண்டுக் கடன். அதன் பெயரளவுத் தொகை 320 இலட்சம் பவுண். ஆயின் கழிவும் தரகும் பிறவும் நீங்க, அரசு பெற்றது 210 இலட்சத்திற்குங் குறைவே. அதிலும் ஒரு பகுதி பணமாக வாராது, அரசு முன்னர் வழங்கிய குறுங்காலக் கடன்பத்திரங்களாகவே வந்தது. வட்டியோ பெறாத தொகைக்கும் சேர்த்தே கணிக்கப்பட்டது. நூற்றுக்கு 7 வீதம் எனப் பத்திரத்தில் எழுதப்பட்ட வட்டி, கைக்கு வந்த தொகையை நோக்க நூற்றுக்கு 11 வீதத்தை நெருங்கியது. நூறு ரூபாவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து அறுபத்தைந்து ரூபா பெற்றுச் செல்லும் கமக்காரனின் நிலைக்கும் கதீவின் நிலைக்கும் வேறுபாடில்லை.

பெருங்கடன்களுக்குப் புறம்பாக, சில மாதத் தவணையில் மாற்றப்படும் திறைசேரிப் பத்திரங்களும் குவிந்தன. அவற்றின் வட்டி இன்னும் உயர்ந்தது. ஒரு பத்திரத்தின் தவணை முடியும் வேளையில் அதனைத் தீர்ப்பதற்கு வேறொரு பத்திரம் எழுதப்பட்டது. 1876ஆம் ஆண்டில் மொத்தக் கடன் ஏறக்குறைய 910 இலட்சம் பவுண். அரசின் ஆண்டு வருவாயோ 100 இலட்சத்தையும் எட்டவில்லை.

பிரித்தானிய அரசு நிலைமையை ஆராயுமாறு அனுப்பிய தீபன் கேவ் என்பவரின் அறிக்கை 1876இல் வெளிவந்தது. பழைய ஆட்சிமுறையின் குறைகளும் புதிய ஆட்சிமுறையின் குறைகளும் ஒருங்கே எகிப்தை வருத்துகின்றன என்பது அவர் கருத்து. கடன் வாங்கியவரை மட்டுங் குற்றங்கூறி, கடன் கொடுத்த முறையை மறைத்தல் நடுவுநிலையன்று என்பதற்கு அவர் அறிக்கையே சான்று.

உழவன் தலையில் விழுந்த சுமை

அரசன் படும் கடனை அரசன் தீர்ப்பதில்லை. எகிப்தில் அதனைத் தீர்த்தவர் ‘பெல்லாகீன்’ எனப்படும் உழவரே. நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியர், பழைய உடன்படிக்கைகளின் பயனாகப் பெரும்பாலான வரிகளினின்று விலக்குப் பெற்றிருந்தனர். விளைநிலத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கதீவின் குடும்பத்தார் கையில் இருந்தது. எஞ்சிய நிலத்தை உழுதவர்மேலேயே வரி ஏறிற்று. அறுவடைக்கு முன்னரே வரி கேட்கப்பட்டது. கொடாதவன் முதுகில் நீர்யானைத் தோலாலாகிய ‘குர்பாஷ்’ என்னுஞ் சவுக்கு விழுந்தது. அடிக்கு அஞ்சிய உழவன் வட்டிக்காரனிடம் சென்று, வயலில் நிற்கும் பயிரைக் குறைந்த விலைக்கு முற்கூட்டியே விற்றான். இங்ஙனம் அரசு பட்ட கடன், ஊர்தோறும் உழவர் பட்ட கடனாகப் பல்கியது.

1871இல் ‘முக்காபலா’ என்னும் சட்டம் பிறந்தது. ஆறாண்டு நிலவரியை முற்பணமாகச் செலுத்துவோர்க்கு என்றென்றைக்கும் வரியிற் பாதி தள்ளப்படும் என்பது அதன் சாரம். நாளைய வருவாயை இன்றே உண்ணும் முறை இது. 1874இல் உள்நாட்டுக் கடன் என்ற பெயரால் மேலும் 50 இலட்சம் பவுண் வரையிற் குடிகளிடமிருந்து தண்டப்பட்டது. அதற்குரிய வட்டியைக் கண்டோர் அரியர்.

1877இல் நைல் நதியிற் போதிய வெள்ளம் வரவில்லை. அவ்வாண்டு வருவாய் ஏறக்குறைய 95 இலட்சம் பவுண். அதில் ஏறக்குறைய 75 இலட்சம் கடன்காரருக்குச் சென்றது. சுல்தானின் திறை முதலியனவும் போக, நாட்டின் ஆட்சி முழுவதற்கும் எஞ்சியது பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையே. 1878இல் மேல் எகிப்திற் பஞ்சம் பரவி மக்கள் மாண்டனர். ஆயினும் அவ்வாண்டு மே மாதத்து வட்டித் தவணை குறைவின்றிச் செலுத்தப்பட்டது. அரசினர் உத்தியோகத்தருக்கோ பல மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது.

அந்நியர் கையிற் கணக்கேடு

1875ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் துருக்கி தன் கடன் வட்டியிற் பாதியை மட்டுமே பணமாகக் கொடுக்க இயலும் என அறிவித்தது. அச்செய்தியால் எகிப்தின் நம்பிக்கையும் சரிந்தது. புதுக் கடன் கிடையாத நிலையில், நவம்பர் மாதம் இசுமாயில் தம் கால்வாய்ப் பங்குகளை விற்றார். பாராளுமன்றம் கூடியிராத அவ்வேளையில், பிரித்தானியப் பிரதமர் திசராயிலி, இரத்சைல்டு வங்கியாரிடம் பணம் பெற்று, 1,76,602 பங்குகளை ஏறக்குறைய 40 இலட்சம் பவுணுக்கு வாங்கினார். அப்பங்குகளின் இலாபவுரிமை 1894 வரை முன்னரே கைமாறியிருந்தமையால், அதுவரை வாங்கிய விலைக்கு ஆண்டுதோறும் 5 வீத வட்டியும் எகிப்தே பிரித்தானியாவிற்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1880இற் கால்வாய் இலாபத்தில் எகிப்துக்குரிய 15 வீதமும் விற்கப்பட்டது.

பங்கு விற்ற பணமும் சில மாதங்களுக்கே போதியது. 1876 ஏப்பிரில் மாதம் அரசு தன் கடன்பத்திரங்களுக்குப் பணங் கொடுப்பதை நிறுத்தியது. மே மாதத்திற் கடன்காரரின் நலன் பேணும் பொதுக்கடன் நிதியம் நிறுவப்பட்டது. குறித்த சில மாகாணங்களின் வரியும் சுங்க வருவாயும் நேரே அதன் கைக்குச் சென்றன. கடன்பத்திரக்காரரின் பிரதிநிதிகளாகக் கோசனும் யூபேரும் வந்தனர். கோசன் என்பவர், எகிப்தின் தொடக்கக் கடன்களை இலண்டனில் வெளியிட்ட வணிக நிலையத்தில் முன்னர்ப் பங்காளராய் இருந்தவர். நவம்பர் மாதம் அவர்கள் செய்த ஏற்பாட்டின்படி ஆங்கிலேயர் ஒருவர் வரவையும், பிரான்சியர் ஒருவர் செலவையும் கண்காணித்தனர். 1878இல் ரிவர்சு வில்சன் நிதியமைச்சராகவும், தெ பிளினியேர் பொதுவேலை அமைச்சராகவும் எகிப்திய அமைச்சரவையிலேயே அமர்ந்தனர்.

புதிய அமைச்சரவை சிக்கனத்தின் பெயரால் 2,500 படையதிகாரிகளை அரைச் சம்பளத்தில் நிறுத்தியது. நிலுவைச் சம்பளமும் பெறாத அவ்வதிகாரிகள் 1879 பெப்ரவரியிற் கெய்ரோ வீதியிலே பிரதமர் நூபார் பாஷாவையும் வில்சனையும் மறித்துத் தாக்கினர். மக்கள் வெறுப்பைத் தமக்குத் துணையாக்கிய இசுமாயில், ஏப்பிரிலில் ஐரோப்பிய அமைச்சரை நீக்கினார். யூன் மாதம் 26ஆம் நாள், வல்லரசுகளின் வற்புறுத்தலால், சுல்தான் இசுமாயிலையே நீக்கி அவர் மகன் தௌபீக்கைக் கதீவாக்கினார். கடன் வாங்கிய அரசன் கப்பலேறிப் போனான். கடன் நாட்டிலேயே நின்றது.

1880ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பான்மைக் கடனின் வட்டியை 4 வீதமாகக் குறைத்தது உண்மையே. ஆயினும் நாட்டின் வருவாயிற் பாதியளவு கடனுக்கென ஒதுக்கப்பட்டது. முக்காபலாச் சட்டமும் ஒழிக்கப்பட்டது. அரசின் வாக்கை நம்பி முற்பணம் கட்டிய குடிகளுக்கு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் பவுண் ஐம்பதாண்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என விதிக்கப்பட்டது. பிறநாட்டுக் கடன்காரருக்குக் கொடுத்த வாக்கிற்கும் உள்நாட்டுக் குடிகளுக்குக் கொடுத்த வாக்கிற்கும் இருவேறு தராசுகள் இருந்தமையை மக்கள் கண்டனர்.

கிளர்ச்சியும் அதன் கோரிக்கையும்

அகமது அராபி, சகாசிக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றில் 1841இல் உழவர் குடியிற் பிறந்தவர். படையின் உயர்பதவிகளைத் துருக்கிய, சர்க்காசியக் குலத்தவரே பெற்ற காலத்தில், உழவர் மகனாகிய அவர் எகிப்திய அதிகாரிகளின் தலைவரானார். 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் அப்தீன் அரண்மனை முற்றத்திற் படையுடன் நின்று, அமைச்சரவை நீங்கவும், பிரதிநிதிகள் சபை கூடவும், படைத்தொகை 18,000 ஆக உயரவும் வேண்டினார். கதீவ் இணங்கினார். ‘எகிப்து எகிப்தியருக்கே’ என்ற குரல் எங்கும் எழுந்தது. அறிஞர் முகம்மது அப்துவும் எழுத்தாளர் அப்துல்லா நதீமும் அவ்வியக்கத்திற் சேர்ந்தனர்.

பிரதிநிதிகள் சபை கேட்டது யாது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். கடனை மறுப்போம் என அச்சபை கூறவில்லை. கடனுக்கென ஒதுக்கிய வருவாயைத் தொடமாட்டோம் என ஒப்புக்கொண்டது. எஞ்சிய பாதி வருவாயை எவ்வாறு செலவிடுவது எனத் தீர்மானிக்கும் உரிமையையே அது கேட்டது. அச்சிறு கோரிக்கையும் கண்காணிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. 1882 சனவரியிற் பிரித்தானியாவும் பிரான்சும் கதீவை ஆதரிக்கும் கூட்டறிக்கையொன்றை அனுப்பின. அதனால் மிதவாதிகளும் படையினரும் ஒன்றுபட்டனர். பெப்ரவரியிற் கவிஞர் மகமூது சாமி அல்-பாருதி பிரதமராகவும், அராபி போரமைச்சராகவும் பதவியேற்றனர்.

யூன் மாதம் அலெக்சாந்திரியாவிற் கலகம் மூண்டு ஐரோப்பியரும் எகிப்தியரும் பலர் மாண்டனர். யூலை 11ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை அந்நகரைப் பீரங்கியால் தாக்கியது. பிரான்சு போரினின்று விலகிற்று. செப்டெம்பர் 13ஆம் நாள் விடியற்காலையில் தெல்-எல்-கெபீர் என்னுமிடத்தில் அராபியின் படை முறிந்தது. விரைவில் நீங்குவோம் எனச் சொல்லி வந்த படை முற்றாக நீங்கியது 1956ஆம் ஆண்டில். பொதுக்கடன் நிதியம் ஒழிந்தது 1940ஆம் ஆண்டில். கால்வாய் எகிப்தின் உடைமையாயது 1956 யூலை 26ஆம் நாள் நாசர் அதனைத் தேசியமயமாக்கியபோதே.

இலங்கையில் அராபி

மரணதண்டனை விதிக்கப்பட்டு, அது நாடுகடத்தலாக மாற்றப்பட்ட அராபியும் அவர் தோழர் அறுவரும் 1883 சனவரியிற் கொழும்பில் இறங்கினர். பாருதியும் அவர்களுள் ஒருவர். பின்னர்க் கண்டியிலும் வாழ்ந்த அராபி 1901இலேயே தாயகம் திரும்பினார். இலங்கை முஸ்லிம்களின் கல்வி வளர்ச்சியில் அறிஞர் சித்திலெப்பைக்கு அவர் உற்ற துணையானார். 1892இல் மருதானையில் எழுந்த சாகிராக் கல்லூரியின் தோற்றத்தில் இருவருக்கும் பங்குண்டு. ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவதாக எண்ணப்படும் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல், அராபி இங்கு வாழ்ந்த காலத்திலேயே வெளிவந்தது. அது எகிப்து நாட்டில் உயர்குடியிற் பிறந்தானொருவனைத் தலைவனாகக் கொண்டது.

முடிவுரை

கடன் தன்னளவிற் தீதன்று. எகிப்தின் புகையிரதப் பாதையும் பாசனக் கால்வாயும் கடனால் வந்த நன்மைகளே. பயன் நெடுங்காலம் சென்று விளையும் வேலைக்குக் குறுங்காலக் கடனை நாடியமை ஒரு தவறு. ஒரு பயிரின் உயர்ந்த விலையை என்றும் நிலைக்கும் எனக் கொண்டமை இன்னொரு தவறு. இவ்விரண்டினும் பெரிய தவறு, கடனைத் தீர்க்க வேண்டிய மக்களைக் கேளாமலே கடன் பெற்றமை. 1866இல் இசுமாயில் அமைத்த பிரதிநிதிகள் சபை, கடன்கள் பெருகிய காலமெல்லாம் வாய்திறக்க வலியற்றிருந்தது. அது வாய்திறந்தபோது, கணக்கேடு பிறர் கைக்குப் போய்விட்டது.

அராபி பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த இத்தீவும் 2022ஆம் ஆண்டு ஏப்பிரில் 12ஆம் நாள் பிறநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்த நேர்ந்தது. அவ்வாண்டு வீதிகளில் மக்கள் திரண்டதையும் யாவரும் அறிவர். காலமும் சூழலும் வேறு. ஆயினும் கடன் பெறப்படும் நாளிலேயே அதன் தொகையையும் வட்டியையும் பயனையும் கேட்டறியும் உரிமை குடிகளுக்கு வேண்டும் என்பது இரு காலத்திற்கும் பொது. தமிழிற் ‘கடன்’ என்னுஞ் சொல் பட்ட பொருளையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். அக்கணக்கைக் கேட்பது குடிகளின் கடன். மறையாது சொல்வது ஆள்வோரின் கடன்.